தமிழுக்கு வருவதற்கு முன்பு ஓனோ சுசுமு என்ன செய்தார்?

கேள்வி இதுதான்: "ஜப்பானிய மொழி தமிழிலிருந்து வந்தது என்று ஒரு ஜப்பானியப் பேராசிரியரே நிரூபித்துவிட்டார் என்று பல இடங்களில் படிக்கிறேன். அவர் உண்மையிலேயே மொழி அறிஞரா? அவர் சொன்னது சரியா?"

சுருக்கமாகச் சொன்னால், முதல் கேள்விக்கு ஆமாம். இருபதாம் நூற்றாண்டில் பழைய ஜப்பானிய மொழியை அவர் அளவுக்கு நெருக்கமாகத் தெரிந்துவைத்திருந்தவர்கள் மிகச் சிலரே. இரண்டாவது கேள்விக்கு இல்லை, அவர் நிரூபிக்கவில்லை, பெரும்பாலான மொழியியலாளர்கள் ஏற்கவும் இல்லை. ஆனால் இந்த இரண்டு வரியோடு நிறுத்திவிட்டால் அந்த மனிதருக்கு அநியாயம் செய்தது போலாகிவிடும். நம் ஊரில் அவர் பெயரை மேடையில் சொல்பவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு அவர் தமிழ் பக்கம் வருவதற்கு முன்பு ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் என்ன செய்துகொண்டிருந்தார் என்பது தெரியாது. அதிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

ஓனோ சுசுமு (ஓனோ குடும்பப் பெயர், ஜப்பானில் அது முன்னால் வரும்) 1919-ல் தோக்கியோவின் ஃபுகாகாவா பகுதியில் சர்க்கரை வணிகம் செய்த ஒரு குடும்பத்தில் பிறந்தார். தோக்கியோ பேரரசுப் பல்கலைக்கழகத்தில் இலக்கியத் துறையில் படித்து 1943-ல், போர் நடுவில், பட்டம் பெற்றார். அங்கே அவருக்கு ஆசிரியர் ஹாஷிமோத்தோ ஷின்கிச்சி. இவருடைய மாணவர் என்பது சாதாரண விஷயமில்லை, ஏனென்றால் பழைய ஜப்பானிய ஒலியியலில் நவீன காலத்தின் மிகப் பெரிய கண்டுபிடிப்பு ஹாஷிமோத்தோவுடையது. ஓனோவின் வாழ்நாள் வேலை முழுக்க அதன் மேல்தான் நிற்கிறது.

அது என்ன கண்டுபிடிப்பு? எட்டாம் நூற்றாண்டு ஜப்பானியர்களுக்குத் தனி எழுத்து கிடையாது. சீன எழுத்துகளைப் பொருளை விட்டுவிட்டு ஒலிக்காக மட்டும் எடுத்துத் தங்கள் மொழியை எழுதினார்கள். ஒரே அசைக்குப் பல சீன எழுத்துகள், இன்றைய காதுக்கு எல்லாம் ஒன்றுதான். ஆனால் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தால், 'கி' என்ற அசையை எழுதிய எழுத்துகள் இரண்டு கூட்டமாகப் பிரிகின்றன. ஒரு சொல்லில் வருவது எப்போதும் முதல் கூட்டத்து எழுத்து, இன்னொரு சொல்லில் எப்போதும் இரண்டாம் கூட்டம், இரண்டும் கலப்பதே இல்லை. 'மி', 'கே', 'கோ', 'தோ' என்று பத்துக்கும் மேற்பட்ட அசைகளில் இதே கதை. அப்படியானால் எழுதியவர்கள் காதுக்கு அவை இரண்டு வேறு ஒலிகளாகக் கேட்டிருக்க வேண்டும். இன்று ஐந்து உயிரொலிகள் மட்டுமே உள்ள ஜப்பானிய மொழியில் அன்று எட்டு இருந்திருக்கலாம் என்ற முடிவு இப்படித்தான் வந்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியிலேயே இஷிசுகா தத்சுமாரோ என்பவர் இதைக் கவனித்து எழுதிவைத்தார், யாரும் சட்டை செய்யவில்லை. 1917-ல் ஹாஷிமோத்தோ அதைத் தானே மறுபடி கண்டுபிடித்து, முன்னவருக்கு உரிய மரியாதையையும் கொடுத்தார்.

தமிழில் யோசித்தால் இது சுலபமாகப் புரியும். இன்று நம்மில் பெரும்பாலோர் பேச்சில் ர, ற வேறுபாட்டைக் காட்டுவதில்லை, அரமும் அறமும் ஒன்று போலத்தான் ஒலிக்கின்றன. எழுத்து காப்பாற்றுவதால் குழப்பமில்லை. எழுத்தும் ஒன்றாகிவிட்டிருந்தால், ஆயிரம் ஆண்டு கழித்து ஒருவர் வந்து 'அரம் போலத் தீட்டுவதால்தான் அறம்' என்று சொற்பிறப்பு சொல்லியிருப்பார், நாமும் தலையாட்டியிருப்போம். ஜப்பானில் நடந்ததும் அதுதான். 'கமி' என்றால் தெய்வம், 'கமி' என்றால் மேலே. மேலே இருப்பவர் என்பதால் தெய்வம் என்று பழைய அறிஞர்கள் சிலர் விளக்கினார்கள், கேட்கப் பொருத்தமாகவும் இருந்தது. எட்டாம் நூற்றாண்டு எழுத்தைப் பார்த்தால் 'மேலே' என்ற சொல்லின் 'மி' ஒரு கூட்டம், 'தெய்வம்' என்ற சொல்லின் 'மி' மற்றக் கூட்டம். ஒன்றிலிருந்து மற்றது நேரடியாக வந்தது என்று அதற்குப் பிறகு சொல்ல முடியாமல் போனது.

ஒரு உயிரெழுத்தை வைத்துக்கொண்டு ஒரு பண்பாட்டு நம்பிக்கையையே அசைக்க முடியும் என்பதைப் பார்த்த தலைமுறை ஓனோவுடையது. அவர் 720-ல் முடிக்கப்பட்ட நிஹோன் ஷோகி என்ற வரலாற்று நூலின் எழுத்துகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்து 1953-ல் ஒரு நூலாக வெளியிட்டார். அப்புறம் தாக்காகி இச்சினோசுகே, கோமி தோமோஹிதே ஆகியோருடன் சேர்ந்து, சுமார் 4,500 பாடல்கள் கொண்ட மன்யோஷு தொகுப்பை நான்கு தொகுதிகளாக உரையோடு பதிப்பித்தார். 1957-லிருந்து 1962 வரை அந்த வேலை. நம் ஊரில் உ.வே.சா. சங்க நூல்களுக்குச் செய்த மாதிரியான உழைப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள், சுவடி தேடி அலைவது தவிர மற்ற எல்லாம் அதில் இருக்கிறது: பாடபேதம், அருஞ்சொல், இலக்கணக் குறிப்பு, இந்தச் சொல் இங்கே ஏன் இப்படி வந்தது என்று விடாமல் கேட்பது. வேலை பார்த்தது தோக்கியோவில் உள்ள ககுஷுயின் பல்கலைக்கழகத்தில், ஓய்வு பெறும் வரை.

1974-ல் சக அறிஞர்களுடன் அவர் தொகுத்த பழஞ்சொல் அகராதி வந்தது. இதில் ஒரு பெரிய துணிச்சல் உண்டு: மற்ற அகராதிகள் வினைச்சொல்லை வாக்கியத்தை முடிக்கும் வடிவத்தில் தலைச்சொல்லாகத் தரும்போது, இவர் அடுத்த வினையோடு சேரும் வடிவத்தில் தந்தார். 'யுகு' (போ) என்று தேடினால் கிடைக்காது, 'யுகி' என்று தேட வேண்டும். பழைய நூல்களில் அந்த வடிவம்தான் அதிகம் வருகிறது, பெயர்ச்சொல்லும் அதிலிருந்துதான் பிறக்கிறது என்பது அவர் வாதம். ஒரு மொழியின் அகராதியையே வேறு வாசல் வழியாகத் திறக்க வைப்பதற்கு எவ்வளவு தன்னம்பிக்கை வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள்.

இலக்கணத்தில் அவர் செய்த இரண்டு விஷயங்களைச் சொல்லாமல் போக முடியாது. ஜப்பானிய மொழி கற்பவர்கள் எல்லோரும் 'வா', 'கா' என்ற இரண்டு இடைச்சொற்களில் தடுக்கி விழுவார்கள், நானும் பல மாதம் விழுந்தேன். எழுவாய்க்குப் பின்னால் எப்போது 'வா', எப்போது 'கா'? ஓனோவின் பதில்: கேட்பவருக்கு ஏற்கெனவே தெரிந்ததாகக் கொண்டு பேசினால் 'வா', புதிதாக அறிமுகம் செய்தால் 'கா'. ஜப்பானியப் பாட்டிக் கதை "ஒரு காலத்தில் ஒரு தாத்தாவும் பாட்டியும் இருந்தார்கள்" என்று ஆரம்பிக்கும்போது அங்கே 'கா'. அடுத்த வரியில் "தாத்தா மலைக்கு விறகு வெட்டப் போனார்" என்னும்போது 'வா', ஏனென்றால் இப்போது அவர் நமக்குத் தெரிந்த தாத்தா. தமிழில் முதல் முறை 'ஒரு தாத்தா', அடுத்த முறை வெறும் 'தாத்தா' என்போமே, கிட்டத்தட்ட அந்த வேலை. இது எல்லா இடத்துக்கும் பொருந்தாது, பின்னால் வந்தவர்கள் நிறைய திருத்தினார்கள், ஆனாலும் எனக்கு முதலில் கதவைத் திறந்தது இந்த விளக்கம்தான்.

இரண்டாவது, செவ்வியல் ஜப்பானிய மொழியில் ஒரு விநோதமான விதி. 'ஸோ', 'கா' (முன்பு பார்த்த 'கா' இல்லை, இது வேறு) போன்ற சில இடைச்சொற்கள் வாக்கியத்தின் நடுவில் வந்தால், கடைசி வினை தன் வழக்கமான முற்று வடிவத்தை விட்டுவிட்டு, பெயருக்கு முன்னால் வரும் எச்ச வடிவத்தை எடுத்துக்கொள்ளும். 'ஹனா ஒட்சு' என்றால் மலர் உதிர்கிறது. 'ஸோ' சேர்த்தால் 'ஹனா ஸோ ஒட்சுரு'. பள்ளிக்கூடத்தில் ஜப்பானியப் பிள்ளைகள் இதை மனப்பாடம் செய்கிறார்கள். ஏன் இப்படி என்று கேட்டால், இது ஆதியில் வரிசை மாறிய வாக்கியம் என்றார் ஓனோ. "உதிர்வது மலர்தான்" என்று இருந்ததை "மலர்தான், உதிர்வது" என்று திருப்பிப் போட்டது போல. இதைப் படித்தபோது எனக்கு உடனே நம் பேச்சுத்தமிழ் ஞாபகம் வந்தது. "நீ சொன்னாய்" என்கிறோம், ஆனால் அழுத்திச் சொல்லும்போது "நீதானே சொன்னது" என்கிறோம். 'சொன்னாய்' எங்கே போனது? "சொன்னது நீதானே" என்பது திரும்பி நிற்கிறது, அவ்வளவுதான். இந்தத் தமிழ் ஒப்புமை என்னுடையது, ஆனால் தமிழ்க் காது உள்ளவருக்கு ஓனோவின் விளக்கம் ஒரே நொடியில் விளங்கும். 1993-ல் இதைப் பற்றி அவர் எழுதிய நூலுக்கு யோமியுரி இலக்கியப் பரிசு கிடைத்தது.

சரி, தமிழுக்கு வருவோம்.

ஓனோ தமிழில் ஆரம்பித்தவர் இல்லை. ஜப்பானிய மொழி எங்கிருந்து வந்தது என்ற கேள்வி இளமையிலிருந்தே அவரைப் பிடித்திருந்தது. 1957-ல் இதைப் பற்றி அவர் எழுதிய சிறு நூலில் தமிழ் கிடையாது. தெற்கே கடல் தீவுகளின் மொழிகள் போன்ற ஒன்று அடியில் இருந்தது, அதன் மேல் கொரியா வழியாக வடக்கத்திய இலக்கணம் வந்து படிந்தது என்பதுதான் அப்போதைய கருத்து. கொரிய மொழியோடு எவ்வளவு ஒப்பிட்டாலும் அடிப்படைச் சொற்கள் போதுமான அளவு பொருந்தவில்லை என்ற குறை அவருக்கு இருந்துகொண்டே இருந்தது. திராவிட மொழிகளை ஒப்பிடும் முயற்சியை ஷிபா சுசுமு, ஃபுஜிவாரா அகிரா போன்றவர்கள் அவருக்கு முன்பே தொடங்கியிருந்தார்கள். ஓனோ, அறுபதை ஒட்டிய வயதில், பர்ரோவும் எமனோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பு அகராதியை எடுத்து உட்கார்ந்தார். 1980-ல் தமிழுக்கும் ஜப்பானிய மொழிக்கும் இடையிலான ஒலி ஒப்புமைகளை வெளியிட்டார். சென்னைக்கு வந்தார், பேராசிரியர் பொற்கோவுடன் வேலை செய்தார். யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த பேராசிரியர் அருணாசலம் சண்முகதாஸும் அவர் துணைவியார் மனோன்மணி சண்முகதாஸும் பல ஆண்டுகள் அவருடைய ஆய்வில் கூட்டாளிகளாக இருந்தார்கள். அந்த வயதில், தன் துறையில் உச்சத்தில் இருந்தவர், ஒரு புது மொழியை அரிச்சுவடியிலிருந்து படிக்க உட்கார்ந்தார் என்பதை நான் மிகவும் மதிக்கிறேன்.

அவர் காட்டியவை எப்படிப்பட்டவை? பழைய ஜப்பானிய மொழியில் இன்றைய 'ஹ' ஒரு காலத்தில் 'ப'. இது ஓனோவின் கற்பனை இல்லை, எல்லோரும் ஏற்றது. பதினாறாம் நூற்றாண்டு ஜப்பானிய விடுகதை ஒன்று உண்டு: "தாயை இரண்டு முறை சந்திக்கும், தந்தையை ஒரு முறையும் சந்திக்காது, அது என்ன?" விடை: உதடு. இன்று தாய் என்பதற்கு 'ஹஹா' என்கிறார்கள், அதைச் சொல்ல உதடு சேரவே வேண்டாம். அன்று அது 'ஃபஃபா', உதடுகள் இரண்டு தடவை நெருங்கும். தந்தை 'சிசி', உதட்டுக்கு வேலையில்லை. அதற்கும் முன்னால் 'ப'. கன்னடத்தில் நம் பால் 'ஹாலு' ஆனதும் பத்து 'ஹத்து' ஆனதும் இதே பாதைதான். எனவே ஜப்பானிய 'ஹதகே' (மேட்டு வயல்) என்பதைப் 'பதகே' என்று பின்னோக்கி வைத்து, சங்கத் தமிழின் 'படுகர்' (விளைநிலம்) என்ற சொல்லோடு ஓனோ சேர்த்தார். 'கோமே' (அரிசி) என்பதைக் குத்துதல் என்ற பொருளுள்ள 'குமை'யோடு. ஜப்பானிய அழகியலின் இதயம் என்று சொல்லப்படும் 'அவாரே' என்ற நெகிழ்ச்சி உணர்வை நம் 'அவலம்' என்பதோடு. இப்படி ஏறக்குறைய 500 சொற்கள். கூடவே பண்பாட்டு ஒப்புமைகள்: ஜனவரி 15-ல் ஜப்பானியக் கிராமங்களில் செம்பயறு போட்டுக் கஞ்சி காய்ச்சும் வழக்கம், வடகிழக்கில் காகத்தை அழைத்துச் சோறு வைப்பது, 'ஹொங்கரா ஹொங்கரா' என்று கூவுவது. இதைப் 'பொங்கலோ பொங்கல்' என்பதோடு அவர் வைத்துக் காட்டும்போது ஒரு தமிழருக்கு மயிர்க்கூச்செறியும், எனக்கும் அப்படித்தான் இருந்தது.

ஆனால் மயிர்க்கூச்சம் ஆதாரம் ஆகாது. முதல் சிக்கல், தமிழை மட்டும் எடுத்துக்கொண்டது. தமிழ் தனியாக வானத்திலிருந்து இறங்கவில்லை, அதற்குக் கன்னடம், தெலுங்கு, கோண்டி, குருக் என்று உடன்பிறப்புகள் உண்டு, அவற்றுக்கெல்லாம் பொதுவான ஒரு மூலத்திலிருந்து வந்தவை எல்லாம். தமிழில் 'செவி', கன்னடத்தில் 'கிவி'. தமிழில் 'சேரி', கன்னடத்தில் 'கேரி'. மூலத்தில் இருந்தது 'க', தமிழ்தான் அதைச் 'ச' ஆக்கிக்கொண்டது. ஆகவே தமிழின் 'ச'வை நேரடியாக ஜப்பானிய ஒலியோடு பொருத்தினால், தமிழில் பின்னால் நடந்த ஒரு மாற்றத்தை ஆதி உறவின் சாட்சியாக நிறுத்துகிறோம். மூலத் திராவிடத்தோடு ஒப்பிட வேண்டும், ஜப்பானியத் தரப்பில் ஒக்கினாவா பக்கத்து ரியூக்யூ மொழிகளையும் சேர்க்க வேண்டும். இதைத்தான் விமர்சகர்கள் திரும்பத் திரும்பக் கேட்டார்கள்.

இரண்டாவது, சொற்களை வெட்டும் விதம். 'ஹதகே' ஒரே சொல் போலத் தெரிகிறது, ஆனால் அதே பொருளில் 'ஹத' என்ற சொல் ஜப்பானிய மொழியிலேயே தனியாக இருக்கிறது. அப்படியானால் 'கே' ஒட்டு, 'படுகர்' பாதியில் நிற்கிறது. 'குமை' குத்துவது, 'கோமே' அரிசி, நடுவில் நாம் ஒரு உரலையும் உலக்கையையும் கற்பனை செய்துகொள்ள வேண்டும். ஒன்றிரண்டு சொல்லில் இப்படி இழுத்துக்கொள்ளலாம், நூற்றுக்கணக்கில் இழுத்தால், சங்க காலத்திலிருந்து இன்று வரையுள்ள பெரிய அகராதி கையில் இருக்கும்போது, எந்த மொழிக்கும் எந்த மொழியோடும் பட்டியல் போட்டுவிடலாம். ஜப்பானிய மொழியியலாளர் முரயாமா ஷிச்சிரோ 1982-ல் இதை எதிர்த்து ஒரு நூலே எழுதினார். செக் நாட்டுத் தமிழறிஞர் கமில் சுவெலபில் 1985-ல் ஓனோவின் கருதுகோளைத் தனிக் கட்டுரையாக எடுத்துப் பேசினார். அதாவது அலட்சியப்படுத்தவில்லை, உட்கார்ந்து படித்துத்தான் கருத்துச் சொன்னார்கள்.

மூன்றாவது, நம் ஆட்கள் அடிக்கடி எடுத்து வைக்கும் இலக்கண ஒற்றுமை. இது நிஜமாகவே பிரமிக்க வைக்கும். 'தபேதே மிரு' என்றால் 'சாப்பிட்டுப் பார்', சொல்லுக்குச் சொல். 'தபேதே' சாப்பிட்டு, 'மிரு' பார். 'கத்தே ஒகு' என்றால் 'வாங்கி வை', 'ஒகு' என்றால் வை. தமிழர்கள் ஜப்பானிய மொழியை வேகமாகக் கற்பதற்கு இதுதான் காரணம், வாக்கியத்தை மண்டைக்குள் திருப்பிப் போட வேண்டிய அவசியமே இல்லை. ஆனால் கொரிய மொழியிலும் 'மொகொ போதா', சாப்பிட்டுப் பார். இந்தியில் 'காகர் தேகோ', அதே சாப்பிட்டுப் பார், இந்தியோ முற்றிலும் வேறு குடும்பம். வினை கடைசியில் வரும் மொழிகளில் இப்படிப்பட்ட அமைப்புகள் தாமாகவே முளைப்பது உண்டு. ஒரே மாதிரி வீடு கட்டியிருப்பதால் அண்ணன் தம்பி என்று சொல்ல முடியாது.

அப்புறம் தொல்லியல். நீர்ப்பாசன நெல் ஜப்பானுக்கு வந்தது சீனாவின் யாங்சி ஆற்றுப் பகுதியிலிருந்து, கொரியத் தீபகற்பம் வழியாக. நெல்லும் இரும்பும் நெசவும் தென்னிந்தியாவிலிருந்து கடல் வழியே மொழியோடு சேர்ந்து வந்தன என்ற ஓனோவின் சித்திரத்துக்கு இரண்டு கரைக்கும் நடுவில் தடயம் இல்லை. தாழி அடக்கம் இங்கேயும் உண்டு அங்கேயும் உண்டு என்றார், பானைக் கீறல் குறிகளை ஒப்பிட்டார். நடுவழியில் ஒரு துறைமுகத்திலாவது ஏதாவது கிடைத்திருக்க வேண்டுமே என்று கேட்டால் பதில் இல்லை.

இன்னொன்றையும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது நம் பக்கத்தில் யாரும் சொல்வதில்லை. பிற்காலத்தில் ஓனோவே இரண்டும் ஒரே தாயின் பிள்ளைகள் என்ற நிலையிலிருந்து நகர்ந்துவிட்டார். ஏற்கெனவே ஜப்பானில் இருந்த ஒரு மொழியின் மேல் தமிழ் வந்து கலந்து ஒரு கலப்பு மொழி உருவானது என்ற வடிவத்தில்தான் 2000-ல் வந்த தன் பெரிய நூலில் எழுதினார். 'தமிழிலிருந்து பிறந்தது' என்று அவர் பெயரில் இன்று பரவும் வாசகம் அவருடைய கடைசி நிலைப்பாடுகூட இல்லை.

ஜப்பானில் சாதாரண மனிதருக்கு அவர் யார் என்று கேட்டால் தமிழ் பற்றிப் பேச்சே வராமலும் போகலாம். 1999-ல், எண்பதை ஒட்டிய வயதில், தாய்மொழியை எப்படிக் கவனமாகப் படிப்பது, எழுதுவது என்று பயிற்சிகளோடு அவர் எழுதிய சிறு புத்தகம் பல லட்சம் பிரதிகள் விற்றது. 2008 ஜூலையில் இறந்தார். அவர் தலைமையில் தொடங்கிய செவ்வியல் அடிப்படைச் சொற்களின் அகராதி அவர் மறைவுக்குப் பின் 2011-ல் வெளிவந்தது.

என் கருத்தைக் கேட்டால், 'கமி' என்ற சொல்லில் ஒரு உயிரொலிக்காக அவ்வளவு கறாராக நின்ற மரபில் வந்தவர், தமிழ் ஒப்புமையில் அந்தக் கறாரைத் தளர்த்திவிட்டார். அது எனக்கு வருத்தம்தான். ஆனால் அவர் வழியாக நமக்கு வந்து சேர்ந்த ஒன்று கையிலேயே இருக்கிறது. மனோன்மணி சண்முகதாஸ் அந்தக் காலத்து உழைப்பிலிருந்து மன்யோஷுவின் காதல் பாடல்களைத் தமிழில் தந்தார், சங்க அகப்பாடல்களோடு சேர்த்துப் படிக்கும்படி. மொழி உறவை மறந்துவிட்டு அதை எடுத்துப் படியுங்கள், கூடவே குறுந்தொகையையும் வைத்துக்கொள்ளுங்கள்.